ஆறு நாடு வேண்டாம், புடாபெஸ்ட் போதும்

கேள்வி: நான் வீணை ஆசிரியை. வயது 57. கணவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது 62. திருச்சியில் வசிக்கிறோம். சங்கீதம், ஓவியம், பழைய கட்டடங்கள் என்றால் இருவருக்கும் உயிர். ஐரோப்பாவுக்கு ஒருமுறை போய்வர ஐந்து லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். ஒரு சுற்றுலா நிறுவனம் பத்து நாளில் ஆறு நாடுகளைக் காட்டுவதாகச் சொல்கிறது. மகளோ பாரிஸ் போகச் சொல்கிறாள். நாங்கள் சைவ உணவுக்காரர்கள். கணவருக்கு முழங்கால் வலி உண்டு. எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம்? கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு அங்கத்திய இசை பிடிபடுமா?

பதில்: முதலில் அந்த ஆறு நாட்டுத் திட்டத்தை ஓரம் கட்டுங்கள். பத்து நாளில் போகவர இரண்டு நாள் கழிந்தால் மிச்சம் எட்டு. எட்டு நாளில் ஆறு நாடு என்றால் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் நெடுஞ்சாலையைத்தான். இத்தகைய திட்டங்களில் ஒரு குறையை யாரும் கவனிப்பதில்லை. மாலை ஆறரை மணிக்குக் குழுவை ஓர் இந்திய உணவகத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஊருக்கு வெளியே உள்ள ஓட்டலுக்கு பஸ் கிளம்பும். ஐரோப்பிய நகரங்களில் கச்சேரியும் ஓபரா என்ற இசை நாடகமும் தொடங்குவது ஏழு, ஏழரைக்கு. ஒரு வீணை ஆசிரியை வியன்னா வரை போய், இசை தொடங்கும் நேரத்தில் பனீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மகள் சொல்லும் பாரிஸ் தவறான ஊர் அல்ல. உங்கள் கையிருப்புக்குத்தான் பொருந்தாது. லூவ்ர் அருங்காட்சியகத்தில் மட்டும், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2026 ஜனவரி முதல் நுழைவுக் கட்டணம் 32 யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், இருவர் உள்ளே போகவே ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது. அறை வாடகை, சாப்பாடு எல்லாம் இதே கணக்கில்தான் இருக்கும். பகல் செலவிலேயே பணம் கரைந்து, மாலை வந்ததும் அறைக்குத் திரும்பி ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட வேண்டியிருக்கும். இசைக்காகப் போகிறவர்கள் பணத்தை மிச்சம் பிடித்துவைக்க வேண்டியது மாலைகளுக்கு. ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்: நல்ல அரங்கில் நல்ல இருக்கை, நடுத்தர வருமானக்காரர்களுக்கு எட்டும் விலையில் எங்கே கிடைக்கும்?

லிஸ்பன் அழகான ஊர். ஆனால் ஊர் முழுக்க மேடும் படிக்கட்டும். உங்கள் கணவர் இரண்டாம் நாளே உட்கார்ந்துவிடுவார். பிராக் நகரத்தின் நெரிசல் எனக்குப் பிடிப்பதில்லை. விலையும் முன்போல் இல்லை. போலந்தின் கிராக்கோவ் நல்ல போட்டியாளர். லியோனார்டோவின் 'எர்மின் விலங்கை ஏந்திய பெண்' ஓவியமும், 15-ஆம் நூற்றாண்டில் வைட் ஸ்டோஸ் செதுக்கிய பிரம்மாண்டமான மரப் பலிபீடமும் அங்கே இருக்கின்றன. ஆனால் அங்கே நான்கு நாளில் உங்களுக்கு வேலை முடிந்துவிடும். ஆகவே என் பதில், ஹங்கேரியின் தலைநகரமான புடாபெஸ்ட். ஏழு இரவுகள் அங்கே தங்குங்கள். ஆசை இருந்தால் இரண்டு இரவு வியன்னாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

புடாபெஸ்ட் இசையில் ஊறிய ஊர். ஆந்த்ராஷி என்ற நீண்ட சாலையில் நிற்கும் அரசு ஓபரா மாளிகை 1884-இல் திறக்கப்பட்டது. இசையமைப்பாளர் மாலர் 1888 முதல் 1891 வரை அதன் இயக்குநராக இருந்தார். பல ஆண்டுகள் புதுப்பிப்புப் பணி நடந்து 2022-இல் மீண்டும் திறந்தார்கள். கீழ்த்தளத்து இருக்கைகள் விலை கூடியவை. மூன்றாம் தளத்தில் சில ஆயிரம் ஃபோரிண்டுக்கே (அந்நாட்டு நாணயம்) இடம் கிடைக்கும். ஆனால் முழங்கால் வலிக்காரர் அத்தனை படி ஏறக்கூடாது. தவிர, மலிவான ஓர இருக்கைகளில் பாதி மேடைதான் தெரியும். இணையத்தில் வாங்கும்போது இருக்கை வரைபடத்தில் 'பார்வை மறைப்பு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்த்தளத்தின் பின் வரிசைகளில் இரண்டு இருக்கைகளைப் பிடித்து, ஓர் இரவுக்குக் கொஞ்சம் தாராளமாகச் செலவழியுங்கள். மேடைக்கு மேலே பாடல் வரிகள் ஹங்கேரியிலும் ஆங்கிலத்திலும் ஓடும். கதை புரியாமல் போகாது.

இருந்தாலும் உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஓபராவை அல்ல, லிஸ்ட் இசைக் கல்விக்கூடத்தை. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் 1875-இல் நிறுவிய கல்விக்கூடம் அது. இப்போதுள்ள கட்டடம் 1907-இல் திறக்கப்பட்டது. வாசலுக்கு மேலே லிஸ்ட் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் பச்சையும் நீலமும் பொன்னும் கலந்து மின்னும் பீங்கான் ஓடுகளைப் பாருங்கள். பேச் நகரத்து ஷோல்நாய் தொழிற்சாலையின் கைவண்ணம். முன்கூடத்துச் சுவரோவியம் கலையின் ஊற்றைச் சித்திரிக்கிறது. கச்சேரி தொடங்க அரை மணி நேரம் முன்பே போய்விட்டால் கட்டடத்தையும் பார்த்த கணக்காகும். சுற்றிப்பார்க்கவென்று தனிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்காது. இது இன்றும் இயங்கும் கல்லூரி என்பதால், பட்டம் பெறப்போகும் மாணவர்கள் அரங்கேறும் நிகழ்ச்சிகளும் அட்டவணையில் இருக்கும். அவற்றில் பல இலவசம் அல்லது சிறு கட்டணம். மாணவர்களை மேடையேற்றிப் பழகிய உங்களுக்கு, மேதைகளின் கச்சேரியைவிட இதுவே சுவையாக இருக்கக்கூடும்.

லிஸ்ட் தம் கடைசி ஆண்டுகளில் குடியிருந்த வீடு வெரெஷ்மார்டி தெருவில் நினைவு இல்லமாக இருக்கிறது. அங்கே அவருடைய எழுதுமேசை ஒன்றைத் தேடிப் பாருங்கள். இழுப்பறையை இழுத்தால் மூன்று ஸ்தாயி பியானோ கட்டைகள் வரும். ஸ்வரத்தை எழுதுவார், இழுப்பறையில் வாசித்துப் பார்ப்பார், மறுபடி எழுதுவார். சனிக்கிழமை காலை 11 மணிக்கு அந்த இல்லத்திலேயே சிறு கச்சேரி நடப்பது வழக்கம். சனிக்கிழமை உங்கள் பயணத்துக்குள் வருகிறபடி நாள் குறியுங்கள்.

காதுக்குப் பிடிபடுமா என்று கேட்டீர்கள். ஹங்கேரி இசையை அணுக உங்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1905, 1906 வாக்கில் பார்டோக், கோடாய் என்ற இரு இளம் இசையமைப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளின் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். மிகப் பழைய பாட்டுகள் ஐந்து ஸ்வரங்களில் அமைந்தவை என்பது அப்போது வெளிப்பட்டது. அந்த ஐந்து ஸ்வரங்களை வீணையில் வாசித்துப் பார்த்தால் சுத்த தன்யாசியின் ஸ, க, ம, ப, நி அப்படியே வரும். கமகம் இருக்காது; மெட்டு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். ஆனாலும் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும். கிளம்பும் முன் கோடாயின் 'ஹாரி யானோஷ்' தொகுப்பை இணையத்தில் ஒருமுறை கேட்டுவையுங்கள். அதில் ஒலிக்கும் சிம்பலோம் என்ற தந்திக்கருவியைக் குச்சியால் தட்டி வாசிப்பார்கள். நம் வடநாட்டுச் சந்தூருக்கு உறவு. குழந்தைக்கு வாத்தியத்தைக் கொடுப்பதற்கு முன் வாயால் பாடப் பழக்க வேண்டும் என்பதே கோடாயின் கல்விமுறை. உங்கள் வகுப்பிலும் அதைத்தானே செய்கிறீர்கள்? அவர் வாழ்ந்த வீடும் ஆந்த்ராஷி சாலையில், அவர் பெயரையே தாங்கிய வட்டச் சதுக்கத்தில் நினைவு இல்லமாக இருக்கிறது.

ஒரேயொரு எச்சரிக்கை: அங்கே ஒரு படைப்பின் நடுவில், பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் இடைவெளியில் கைதட்டமாட்டார்கள். தொடையில் தாளம் போடுவதையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் கணவரிடம்.

நகரப் பூங்காவில் 2022 ஜனவரியில் ஹங்கேரிய இசை இல்லம் திறக்கப்பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் சோ ஃபுஜிமோட்டோவின் வடிவமைப்பு. அலையலையான கூரையில் ஏறத்தாழ நூறு துளைகள். சிலவற்றின் வழியே உண்மையான மரங்கள் மேலே வளர்ந்து நிற்கின்றன. பழைய கட்டடம் மட்டுமே பார்ப்போம் என்று பிடிவாதம் பிடிக்காமல் இதற்கும் அரை நாள் கொடுங்கள். பூங்காவின் வாசலிலேயே, வீரர் சதுக்கத்தில் நுண்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. எல் கிரேக்கோவின் ஓவியங்கள் கொத்தாக இருக்கின்றன. கோயாவின் 'நீர் சுமக்கும் பெண்', 'கத்தி சாணை பிடிப்பவன்' இரண்டும் அங்கேதான். கோயாவுக்கு முன்னால் பாரிஸில் கிடைக்காத சௌகரியம் ஒன்று உங்களுக்கு இங்கே கிடைக்கும்: நின்று பார்க்க இடம்.

புடா கோட்டைக்குள் உள்ள தேசிய ஓவியக் காட்சியகத்தில் இரண்டு படங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, சின்யெய் மெர்ஷே 1873-இல் தீட்டிய 'மே மாத உலா'. பச்சைப் புல்மேட்டில் நண்பர்கள் கூடிச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வெயில்! இன்னொன்று, சோந்த்வாரியின் 'தாவோர்மினாவின் கிரேக்க அரங்கச் சிதைவுகள்'. ஏறக்குறைய ஆறு மீட்டர் அகலம். மருந்துக்கடைக்காரராக இருந்தவர் நடுவில் தூரிகை பிடித்து, உலகிலேயே பெரிய ஓவியனாவேன் என்று நம்பி வரைந்தது. அந்த நம்பிக்கையைப் பைத்தியம் என்பவர்களும் உண்டு. படத்தின் முன் நின்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் ஓவியர் அம்ரிதா ஷெர்-கில் பிறந்ததும் இதே நகரத்தில்தான், 1913-இல். தாய் ஹங்கேரிக்காரர். 1937-இல் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்த்த பிறகு அவர் தீட்டிய 'பிரம்மச்சாரிகள்' உள்ளிட்ட மூன்று ஓவியங்களை நீங்கள் அச்சிலாவது பார்த்திருப்பீர்கள். தாகூர் 1926-இல் இதய சிகிச்சைக்குத் தங்கிய பாலாட்டோன்ஃபூரெட் என்ற ஏரிக்கரை ஊருக்குப் புடாபெஸ்டிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். அவர் நட்ட மரத்தை ஒட்டிய ஏரிக்கரைச் சாலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் போய்வரலாம், கட்டாயமில்லை.

நாடாளுமன்றக் கட்டடத்தைப் படகிலிருந்து பார்ப்பதற்கு நிறையப் பணம் கேட்பார்கள். வேண்டாம். டான்யூப் நதிக்கரையை ஒட்டி ஓடும் 2-ஆம் எண் டிராமில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாதாரண டிக்கெட்டில் அதே காட்சி. உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பியக் குடிமக்களுக்கு ஒரு விலை, நமக்கு அதைவிடக் கூடுதல் விலை. புனித இஷ்ட்வான் மன்னரின் கிரீடம் அங்கே இருக்கிறது என்பதால் கொடுக்கலாம்தான்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். ஆந்த்ராஷி சாலைக்கு அடியில் ஓடும் 1-ஆம் எண் மெட்ரோ 1896-இல் தொடங்கியது. ஐரோப்பியக் கண்டத்தின் முதல் சுரங்க ரயில். அதிக ஆழமில்லை, சாலையிலிருந்து சில படி இறங்கினால் நடைமேடை. ஆனால் ஒரு திசைக்கு ஒரு வாசல்: தவறான வாசலில் இறங்கிவிட்டால் மேலே வந்து சாலையைக் கடந்து மறுபக்கம் இறங்க வேண்டும். பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். ஓபரா, லிஸ்ட் இல்லம், கோடாய் இல்லம், நுண்கலை அருங்காட்சியகம் எல்லாமே இந்த ஒரே ரயில் பாதையை ஒட்டியவை. இந்த ஊரை நான் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். கோட்டை மேட்டுக்கு இழுவை ரயில் வேண்டாம். டெயாக் சதுக்கத்திலிருந்து 16-ஆம் எண் பஸ் மேலே கொண்டுபோய் விடும். 72 மணி நேரப் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டால் டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் செல்லும். விமான நிலையத்திலிருந்து வரும் 100E பஸ்ஸுக்கு மட்டும் தனி டிக்கெட். தனித் தனியாகக் காகித டிக்கெட் வாங்கினால் இயந்திரத்தில் முத்திரை குத்த மறந்துவிடாதீர்கள். பரிசோதகர்கள் வெளிநாட்டவர் என்று இரக்கம் காட்டுவதில்லை.

தங்குவதற்கு ஒக்டோகன் சந்திப்பிலிருந்து கோடாய் சதுக்கம் வரையுள்ள பகுதியில், மின்தூக்கி உள்ள கட்டடத்தில், சமையலறையுடன் ஒரு வீட்டை வாடகைக்குத் தேடுங்கள். பழைய கட்டடங்களில் மின்தூக்கி இல்லாதவை ஏராளம். கேட்டு உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள். ஏழாம் வட்டாரத்தின் மதுக்கூடத் தெருக்களில் வாடகை குறைவாகத் தெரியும். விடியற்காலை மூன்று மணிவரை இளைஞர்களின் கூச்சல் அதில் சேர்த்தி.

சாப்பாடு பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஹங்கேரிச் சமையல் இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் நிறைந்தது. ஆனால் பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஃபோசெலேக் என்று ஒன்று உண்டு. கீரை, பயறு, சுரைக்காய் போன்ற ஏதாவது ஒரு காயைக் குழைய வேகவைத்து, மாவும் புளிப்புப் பாலாடையும் சேர்த்துக் கெட்டியாக்குவது. நம் கூட்டுக்குத் தேங்காய்க்குப் பதில் பாலாடை போட்டது போலிருக்கும். மேலே இறைச்சித் துண்டோ முட்டையோ வைப்பது அவர்கள் வழக்கம். வேண்டாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். சூப்புகளைப் பொறுத்தவரை, காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரா என்று கேளுங்கள். புளிப்புச் செர்ரிப் பழ சூப்பைக் குளிரவைத்துத் தருவார்கள், அதில் பயமில்லை. லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி, பாலாடைக்கட்டியோ முட்டைக்கோஸோ வைத்த ரேதெஷ் என்ற மெல்லிய மாவுச் சுருள் எல்லாம் தெருவோரத்தில் கிடைக்கும். காலை, இரவுக்கு வீட்டில் சாதம் வடித்துக்கொள்ளுங்கள். அரிசி எல்லாப் பல்பொருள் கடையிலும் உண்டு. பருப்புப் பொடி கொண்டுபோவது உங்களுக்கே தெரியும். மதியம் வெளியில் சாப்பிடுங்கள்: வார நாள்களில் பல உணவகங்கள் அன்றைய மதிய உணவு என்று குறைந்த விலையில் போடுகின்றன.

ஹங்கேரியில் யூரோ இல்லை, ஃபோரிண்ட். தொகையை மூன்றரையால் வகுத்தால் ஏறத்தாழ ரூபாய். துல்லியமாக இராது, கடைவீதிக்குப் போதும். பணம் எடுக்க வங்கிக் கிளைகளோடு ஒட்டியுள்ள ஏடிஎம்களை மட்டும் பயன்படுத்துங்கள். அட்டை போடும்போது இயந்திரம் ரூபாயில் கழிக்கட்டுமா, ஃபோரிண்டில் கழிக்கட்டுமா என்று கேட்கும். எப்போதும் ஃபோரிண்ட். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்கே. உணவக ரசீதில் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்பளிப்பு வையுங்கள்.

இனி கணக்கு. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வழியில் ஓரிடத்தில் மாற வேண்டும். முன்கூட்டியே வாங்கினால் இருவருக்கும் ஒன்றரை லட்சத்துக்குள் முடிக்கப் பாருங்கள். புடாபெஸ்டில் ஏழு இரவுக்கு, நாளைக்கு 80 யூரோ கணக்கில் 560 யூரோ. வியன்னாவில் இரண்டு இரவுக்கு 250. சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு இருவருக்கும் 45 வீதம் 450. கச்சேரிகள், ஓபரா, அருங்காட்சியகங்களுக்கு 400. இதைக் குறைக்காதீர்கள், வேறெதை வேண்டுமானாலும் குறையுங்கள். உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் வியன்னா ரயிலுக்கும் 150. விசா கட்டணம் தலைக்கு 90 யூரோ. விண்ணப்ப மையக் கட்டணமும் காப்பீடும் தனி. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு லட்சம் வரும். மிச்சமுள்ள ஒரு லட்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும்போது அதில் பெரும்பகுதி கையிலேயே இருக்க வேண்டும்.

வியன்னாவுக்கு ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டு நாடும் ஷெங்கன் பகுதி என்பதால் ஒரே விசா போதும். அங்கே கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ப்ரூகலின் அறைக்கு நேரே போங்கள். அவருடைய ஓவியங்கள் உலகில் வேறெங்கும் அத்தனை ஒரே இடத்தில் இல்லை. 1565-இல் தீட்டிய 'பனியில் வேடர்கள்' எதிரே போட்டிருக்கும் இருக்கையில் உட்கார்ந்தால் உங்கள் கணவருக்கும் முழங்காலுக்கு ஓய்வு.

எப்போது போவது? ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம்: வெயில் ஒருபுறம், ஓபராவும் பெரும்பாலான அரங்குகளும் விடுமுறையில் இருக்கும் என்பது மறுபுறம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டம். ஏப்ரல் அல்லது அக்டோபரின் முதல் பாதி உகந்தது. ஏப்ரலில் பார்டோக் பெயரில் ஒரு பெரிய கலை விழாவும் நடக்கிறது. பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை; வியன்னா பயணத்தையோ வெந்நீர் ஊற்றுக் குளியலையோ அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளியல் என்றதும் எல்லோரும் செசெனி குளத்துக்கு ஓடுவார்கள். மூட்டு வலிக்காரருக்கு லூகாச் குளியலகம் மேல். உள்ளூர் முதியவர்கள் போகும் இடம். அதன் முற்றத்துச் சுவரில், குணமடைந்தவர்கள் நன்றி சொல்லிப் பதித்த பளிங்குப் பலகைகளைக் காணலாம். நீச்சலுடை கட்டாயம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

விசாவை அதிக இரவு தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும், அதாவது ஹங்கேரியிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடைக்கு முன் நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தேவை. கணவருக்கு முழங்காலுக்கு ஏற்கெனவே சிகிச்சை நடந்திருந்தால், அதைக் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்க வேண்டாம்.

செய்ய வேண்டிய வரிசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் லிஸ்ட் கல்விக்கூடம், ஓபரா இரண்டின் நிகழ்ச்சி அட்டவணையையும் பாருங்கள். நீங்கள் கேட்க விரும்பும் மூன்று மாலைகள் அடுத்தடுத்து வரும் வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துக்கு விமானக் கட்டணம் பாருங்கள். ரத்து செய்யக்கூடிய அறையைப் பதிவு செய்து, விசா கையில் வந்த பிறகே திருப்பித் தராத டிக்கெட் எதையும் வாங்குங்கள். ஓபராவுக்குப் பட்டுப்புடவை தாராளமாகக் கட்டிக்கொண்டு போகலாம். மேலே அணியும் குளிர்கால கோட்டை மட்டும் வாசலில் உள்ள உடை வைப்பறையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கொடுக்கும் எண் வில்லையைக் கைப்பையில் பத்திரப்படுத்துங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அங்கே வரிசை நீளும் என்பதால், கணவரை முன்கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் போய் வாங்கி வாருங்கள்.